சூப்பில் ஒன்றும் இல்லை

சிறு வயதில் கால் தரையில் பாவாத பெண் அவள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அம்மா வாய்க்கு வாய் "ஊர்சுற்றி" என்று திட்டுவாள். அந்தத் திட்டே பின்னாளில் பிழைப்பாகிவிட்டது. சனிக்கிழமை பிற்பகல்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தன் பழைய பேட்டையைச் சுற்றிக் காட்டுவாள். ரொட்டிக்கடையில் சூடாக ஒரு பன், மூலையில் மீன் வறுவல் வண்டி, அதைத் தாண்டிச் சூப்புக்கடை, கடைசியில் நாடகக் கொட்டகையில் ஒரு நாடகம். வருகிறவர்கள் நகரத்தின் வேறு வேறு மூலைகளிலிருந்து வருவார்கள். பேட்டைக்காரர்கள் அவளை இன்னமும் ஊர்சுற்றி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

சூப்புக்கடைக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கூட்டத்தாரிடம் அதை மட்டும் அவள் சொல்வதில்லை. "இந்தப் பேட்டையிலேயே இதுதான் நல்ல சூப்பு" என்று சொல்லிவிட்டு, "என் தம்பி கடை" என்று சேர்த்தால் முதல் வாக்கியத்துக்கு மரியாதை இருக்காதே என்று நினைத்தாள். அவன் அவளை அக்கா என்பான். பேட்டையே அக்கா என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் கல்யாணமான புதுசில் கையைக் கோத்துக்கொண்டே நடந்த ஒரு ஜோடி இருந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். இரண்டாவது முறையாக வருகிறார். பிறகு ஓர் அம்மாவும் மகளும். மகளுக்கு எட்டு வயது இருக்கலாம். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. வாய் ஓயாமல் கேள்வி.

கிளம்புவதற்கு முன்னாலேயே அம்மா ஊர்சுற்றியைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாப்பாவுக்கு வேர்க்கடலை ஆகாதுங்க. கொஞ்சம் பட்டாக்கூட மூச்சு அடைச்சிக்கும். வெளியில எங்கயும் கூட்டிட்டுப் போறதே இல்ல. ஒரு வருஷமா அழுது அடம் பிடிச்சா, அதான் வந்தேன்."

"கவலையே படாதீங்க மேடம். ஒவ்வொரு கடையிலயும் நான் கேட்டுட்டுத்தான் தட்டையே கையில வாங்குவேன்."

சொன்னபடியே செய்தாள். ரொட்டிக்கடைக்காரர் மாவைத் தட்டிக்கொண்டே, "நம்ம கடையில கடலையே கிடையாதும்மா" என்றார். மீன் வறுவல்காரன் எண்ணெய் டப்பாவையே எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினான். ரொட்டிக்கடையில் இருந்தபோது சிறுமி நச்சரித்ததால் அவள் அம்மா வாசல் தட்டிலிருந்து திராட்சை பன் ஒன்றைத் தானாகவே வாங்கிக் கொடுத்ததை ஊர்சுற்றி பார்க்கவில்லை. அப்போது அவள் தபால்காரருக்கு அடுப்பின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சூப்புக்கடையில் கூட்டம் இல்லை. சில மாதமாகவே இல்லை. தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட புது உணவகம் வந்ததிலிருந்து தம்பி ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"தம்பி, கிளம்பறப்ப போன்ல சொன்னேனே. கடலை, கடலை மாவு, கடலை எண்ணெய் ஏதாச்சும் இருக்கா?"

கரண்டியால் கிண்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் அவன் சொன்னான். "இல்லக்கா, ஒண்ணும் இல்ல."

சிறுமியின் அம்மாவும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். அப்புறம்தான் கிண்ணத்தை மகள் கையில் கொடுத்தாள். தபால்காரர் உறிஞ்சிவிட்டு, "போன தடவையவிட இப்ப நல்லா கெட்டியா இருக்கே" என்றார். தம்பி சிரித்தான். ஊர்சுற்றிக்கு நாடகத்துக்கு நேரமாகிற கவலை. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

கொட்டகையில் ஒரு விதி உண்டு. பைகளை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒரு சின்ன அறை. அங்கே பையைக் கொடுத்து எண் போட்ட வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். சிறுமியின் அம்மா தயங்கினாள். "பையில அவளுக்கு மூச்சு அடைச்சா போடற ஊசி இருக்குங்க."

"பத்தடிதானே மேடம், பயப்படாதீங்க. சாப்பாடெல்லாம்தான் முடிஞ்சுதே" என்றாள் ஊர்சுற்றி. அம்மா பையைக் கொடுத்துவிட்டு வில்லையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

நாடகம் சிரிப்பு நாடகம். இரண்டு திருடர்கள் ஒரே வீட்டுக்குத் திருட வந்து, ஒருவனை ஒருவன் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டு உபசரித்துக்கொள்கிற கதை. சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே கழுத்தைச் சொறிந்தாள். அப்புறம் இருமினாள். இருட்டில் அம்மாவுக்கு முதலில் தெரியவில்லை. மகள் அவள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, தொண்டையில என்னமோ நிக்குது" என்றபோது அந்தக் குரலே மாறியிருந்தது.

"ஊசி! ஊசி வேணும்!" என்று அம்மா எழுந்து கத்தினாள். மேடையில் திருடன் வசனத்தை நிறுத்திவிட்டான். சபை அதையும் நாடகம் என்று நினைத்துச் சிரித்தது.

ஊர்சுற்றி வில்லையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பை அறை பூட்டியிருந்தது. சன்னல் கம்பிவலைக்குப் பின்னால் பைகள் வரிசையாகத் தொங்கின. அந்தம்மாவின் நீலப் பை கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. பை அறைக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார். எந்தக் கடைக்கு என்று அவருக்குத் தெரியாது.

"சாவி?"

"அவர்கிட்டதான்."

அவள் கதவில் தோளை வைத்து மோதினாள். கதவு அசையவில்லை. பின்னால் வந்த தபால்காரர் வாசலில் கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிச் சன்னல் வலையில் அடித்தார். இரண்டாவது அடியில் வலை ஒரு பக்கம் பிய்ந்தது. ஊர்சுற்றி கையை உள்ளே விட்டாள். கம்பி முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. பையின் வார் விரலில் மாட்டியது. அதை அப்படியே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

விளக்குகளைப் போட்டிருந்தார்கள். சிறுமி நாற்காலிகளுக்கு நடுவே தரையில் கிடந்தாள். உதடு இரண்டும் வீங்கிப் புரண்டிருந்தன. கண் இமைகள் மூடிக்கொண்டன. மூச்சு இழுக்கிறபோது ஓட்டைக் குழலில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா பேனா மாதிரியிருந்த ஊசியை எடுத்துத் தொடையில் வைத்து அழுத்தினாள்.  

சிறுமியின் மூச்சு கொஞ்சம் திறந்தது. ஆனால் ஒரு ஊசிதான் இருந்தது.

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். சனிக்கிழமைச் சந்தைக்காகத் தெருவின் இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள். வண்டி பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது, உள்ளே வர வழியில்லை. ஊர்சுற்றிக்கு அந்தத் தெரு உள்ளங்கை மாதிரி. வாரா வாரம், "இந்தச் சந்தைக்குள்ள வண்டியே வராது, அதுதான் இதோட அழகு" என்று கூட்டத்தாரிடம் பெருமையாகச் சொல்வாள். இப்போது அதே தெருவில் வாய் வறண்டு நின்றாள்.

மீன் வறுவல்காரன்தான் தன் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். ஐஸ் பெட்டியை எத்திக் கீழே தள்ளினான். மீன் துண்டுகள் தெருவில் சிதறின. "ஏத்துக்கா, ஏத்து!" என்று கத்தினான். அம்மா பலகைமேல் உட்கார்ந்து மகளை மார்போடு சாய்த்துக்கொண்டாள். தபால்காரர் பின்னாலிருந்து தள்ளினார். ஊர்சுற்றி முன்னால் ஓடி, "வழி விடுங்க, புள்ளைக்கு மூச்சு இல்ல, வழி விடுங்க" என்று கையைக் கூப்பிக்கொண்டே போனாள். சிலர் விலகினார்கள். சிலர் என்ன ஏது என்று பார்க்க இன்னும் நெருங்கி வந்தார்கள். காய்க்கூடை ஒன்றை அவளே காலால் உதைத்துத் தள்ளினாள். அந்தக் கூடைக்காரி அவளுக்குத் தெரிந்தவள். திட்டிக்கொண்டே துரத்தி வந்தவள், வண்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

சாலையை அடைவதற்குள் சிறுமியின் தலை துவண்டுவிட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர். கதவுக்கு உள்ளே சிறுமிக்குக் குழாய் போட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அம்மா செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் வெளியூரில். போனில் அவன் போடுகிற கூச்சல் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்டது. "உன்னை யாருடி கூட்டிட்டுப் போகச் சொன்னது? என்ன கொடுத்தே புள்ளைக்கு? என்ன கொடுத்துத் தொலைச்சே?"

"பன்னுங்க" என்றாள் அவள். "திராட்சை பன்னு. அழுதா. கேக்காம வாங்கிக் கொடுத்துட்டேன். நான்தாங்க. நான்தான்."

போனை வைத்துவிட்டு வலது கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். "இந்தக் கையாலதான் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். மத்தவங்களை எல்லாக் கடையிலயும் கேக்கச் சொல்லிட்டு, நான் கேக்கலையே." தபால்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊர்சுற்றிக்கு முதலில் வந்தது நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாடா, நான் வாங்கிக் கொடுத்ததில் இல்லை. அந்த நிம்மதி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. ரொட்டிக்கடையில் கடலையே கிடையாதே. அந்தப் பன்னை அவளே வாரா வாரம் தின்கிறாள். மாவு, திராட்சை, வெண்ணெய். அப்படியானால்? தபால்காரர் சொன்னது காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. போன தடவையவிடக் கெட்டியா இருக்கே.

படிக்கட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். "சூப்புல என்னடா போட்டே?"

"என்னக்கா, வழக்கமா போடுறதுதான்."

"கெட்டியாக என்ன போட்டே?"

"நான் வர்றேன் அங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

அவன் வந்தபோது இடுப்பில் கடைத்துண்டு இன்னும் கட்டியிருந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுகொண்டு, குசுகுசுவென்று பேசினான். "ஒரு மாசமாத்தான்கா. கடலையை வறுத்து அரைச்சு ஊத்துறேன். ருசியா இருக்குன்னு நாலு பேரு திரும்பி வந்தாங்க. ஒரு சட்டிக்கு ஒரு கைப்பிடிதான். கிண்ணத்துக்கு ஒரு கரண்டிகூட வராது."

"நான் கேட்டேனேடா. மூஞ்சிக்கு நேரா கேட்டேனே."

"இருக்குன்னு சொல்லியிருந்தா நீ கூட்டத்தை அப்படியே கூட்டிட்டுப் போயிருப்பே. வாரத்துல எனக்கு வர்ற கூட்டமே உன் கூட்டம்தான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? நாம கடலை தின்னு வளரலையா? பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆகாதுன்னு சொல்லுவாங்க, அந்த மாதிரின்னு நினைச்சேன்."

 பேசினால் அறைந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

"அக்கா, அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"பன்னுன்னு நினைக்கிறாங்க."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். "அப்ப விடுக்கா. அவங்களே அப்படித்தானே நினைக்கிறாங்க? நினைச்சுட்டுப் போகட்டும். ரொட்டிக்கடைக்காரர் பெரிய ஆளு, அவருக்கு ஒண்ணும் ஆகாது. என் கடைன்னு தெரிஞ்சா நாளைக்கே இழுத்து மூடிடுவாங்க. என்னை உள்ள வெச்சுடுவாங்க. எம் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம்கா." அக்காவின் காலைத் தொட்டான். "நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். பொய் சொல்லச் சொல்லல. சும்மா இரு."

தங்கள் அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஒரே வீட்டில் அவன் கீழே, அவள் மாடியில். பிறக்கப்போகிற பிள்ளைக்கு இப்போதே குட்டிக் குட்டிச் சட்டை தைத்து வைத்திருந்தாள். சும்மா இருப்பது எவ்வளவு எளிது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண்மணி அவளாகவே ஒரு பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். யாரும் வைக்கவில்லை.

மேலே தாழ்வாரத்துக்குத் திரும்பினாள். தம்பி பின்னாலேயே வந்து தூணோரம் நின்றான்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தாள். சின்ன வயசுக்காரி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரத்த அழுத்தம் மறுபடி இறங்கிடுச்சு. மருந்து ஏத்திட்டு இருக்கோம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. என்ன சாப்பிட்டா? கடலைதானா, இல்ல வேற எதுவும் புதுசா ஒத்துக்காம போச்சா? திராட்சை பன்னுன்னு எழுதியிருக்கு. அதுல கடலை இருந்துச்சா?"

"இருந்திருக்கும்" என்றாள் அம்மா. "நான்தான் பாக்கல. எல்லாத்துக்கும் நான்தான். எழுதிக்குங்க டாக்டர், பெத்தவளே கொடுத்தான்னு எழுதிக்குங்க." சொல்லிக்கொண்டே கையை மறுபடி சுவரை நோக்கி ஓங்கினாள்.

"பன்னு இல்ல" என்றாள் ஊர்சுற்றி.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "பன்னுல ஒண்ணும் இல்ல டாக்டர். சூப்புல. வறுத்த கடலை அரைச்சு ஊத்தியிருக்கு."

தூணோரத்தில் தம்பி, "அக்கா" என்றான். சின்ன வயதில் காய்ச்சலில் கூப்பிடுகிற மாதிரி.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிறுமியின் அம்மா ஓங்கிய கையை மெதுவாக இறக்கினாள். "நீங்க கேட்டீங்களே. நானும் பக்கத்துலதானே நின்னேன். இல்லன்னுதானே அந்தாளு சொன்னாரு."

"பொய் சொல்லிட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் என் தம்பி."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தூணோரம் கடைத்துண்டோடு நின்றவனைப் பார்த்தாள். முகம் அடையாளம் தெரிந்தது. "தம்பியா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே. நல்ல சூப்புன்னுதானே கூட்டிட்டுப் போனீங்க?"

 தம்பி முன்னால் வந்து, "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்று கும்பிட்டான்.

"தெரியாமயா?" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "கேட்டாங்களே. கேட்டப்புறமும் எப்படிய்யா தெரியாமப் போகும்?" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டு பேரும் போயிடுங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றாள்.

தம்பி போய்விட்டான். ஊர்சுற்றி மருத்துவமனை வாசல்வரை போனாள். அதற்கு மேல் கால் போகவில்லை. காவலாளி விரட்டினால் எதிர்ப்பக்கம் போவதும், அவர் திரும்பிக்கொண்டால் மறுபடி வந்து நிற்பதுமாக இருந்தாள். கையில் கிழிந்த இடம் வீங்கியிருந்தது. யாரோ கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே போக அவளுக்குத் தைரியமில்லை. கும்பிட ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. "மூச்சு விடும்மா, மூச்சு விடும்மா" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மீன் வறுவல்காரன் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். வரமாட்டாள் என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். டீ ஆறி ஆடை கட்டியது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு தபால்காரர் வெளியே வந்தார். மழிக்காத முகமும் கசங்கிய சட்டையுமாக ஆளே மாறியிருந்தார். "குழாயை எடுத்துட்டாங்க. கண்ணைத் திறந்து பாத்துச்சு. அம்மான்னுச்சு" என்றார். அவள் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.  "அந்தப் பன்னு விஷயம் நீ சொல்லாம இருந்திருந்தா அந்தம்மா தலையை உடைச்சுக்கிட்டிருக்கும்" என்று மட்டும், போகிறபோது சொன்னார்.

அதிகாரிகள் வந்து சூப்புக்கடைக்கு முத்திரை வைத்தார்கள். போலீஸ் தம்பியைக் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியது. வழக்கு நடக்கும் என்றார்கள். அவன் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றப் போனான். சனிக்கிழமை நடை நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூட்டத்தாரிடம், "இதுல ஒண்ணும் இல்ல, தைரியமாச் சாப்பிடுங்க" என்று சொல்ல அவளுக்கு இனி நாக்கு எழாது. துணிக்கடையில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள்.

பேட்டையில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. கூடப்பிறந்தவனையே காட்டிக் கொடுத்தவள் என்றார்கள் சிலர். தம்பிக்காக ஊரையே ஏமாற்றிச் சூப்பு குடிக்க வைத்தவள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் அவள் காதுக்கு வந்தன. ரொட்டிக்கடைக்காரர் அவளைக் கண்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். தன் கடை பெயர் முதலில் அடிபட்டதை அவர் மறக்கவில்லை.

தம்பி பெண்சாதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள்தான் மாடிக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுவிட்டு, "நான் உங்ககிட்ட பேசுவேன் அண்ணி. அவரு பேசாட்டிப் போறாரு" என்றாள். ஊர்சுற்றி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். பார்த்த பிறகும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

தம்பி பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுவான், அந்நியனுக்கு விடுகிற மாதிரி. ஒரு நாள் மாலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மொட்டைமாடிக் கதவின் சாவி அவளிடம்தான் இருந்தது. அவன் வந்து கதவைத் தட்டினான்.

"சாவி" என்றான்.

எடுத்துக் கொடுத்தாள். அவன் மேலே போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, கால் நனைந்து திரும்பி வந்தான். சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு" என்றான். "இப்ப நல்லாச் சாப்பிடுதாமா?"

"தபால்காரர் போன வாரம் போய்ப் பாத்தாராம். அவங்கம்மா கை தவிர வேற யாரு கொடுத்தாலும் வாங்காதாம். வீட்டுச் சோத்தையே மோந்து பாத்துட்டுத்தான் வாயில வைக்குதாம்."

அவன் தலையை ஆட்டினான்.  ஈரக்காலோடு படியிறங்கிப் போனான். கீழே குழந்தை அழுதது. அவள் கதவைச் சாத்தாமல், அழுகை நிற்கிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.